மின் வண்டியும் மிகை மின்னழுத்தமும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

மின்சாரத்தைக் கண்ணால் காண இயலாது. அதன் விளைவுகளைக் கொண்டே அதனை அறிகிறோம் என்று முதலாண்டு வகுப்பில் படித்தோம். படித்ததைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கியது 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், எங்கள் வீட்டு வாசலில், அப்பாவின் மின்சார ஆட்டோவுக்கு அருகில் நின்றபோதுதான். அன்று கற்றுக்கொண்டதை நம் கல்லூரி நண்பர்களுக்குப் பாடமாகவே சொல்ல விரும்புகிறேன். இன்று பல வீடுகளில் மின் ஸ்கூட்டரோ ஆட்டோவோ வந்துவிட்டபடியால் யாருக்கேனும் பயன்படலாம்.

என் தந்தையார் முதலில் டீசல் ஆட்டோ ஓட்டினார். பின்னர் மாதத் தவணையில் மின்சார ஆட்டோ வாங்கினார். இரவு பத்து மணிக்கு சார்ஜரைச் சொருகினால் விடியற்காலை மார்க்கெட் சவாரிக்கு வண்டி தயாராக இருக்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் காலை பார்த்தபோது பாட்டரி பாதிகூட ஏறவில்லை. சார்ஜரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அது எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, கையேட்டில் பார்த்தோம். "உள்வரும் மின்னழுத்தம் அதிகம்" என்று இருந்தது.

விற்ற கடையில் சார்ஜரின் உட்பகுதி பழுது என்று கூறிப் புதிய சார்ஜருக்கு 9,500 ரூபாய் கேட்டார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. புதிய சார்ஜர் பத்து நாட்கள் ஒழுங்காக வேலை செய்தது. பதினோராம் நாள் இரவு அதிலும் அதே சிவப்பு விளக்கு. அப்பா ஒன்றும் பேசவில்லை. "நீ கரண்டைப் பற்றித்தானே படிக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். சார்ஜருக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. சுவரிலிருந்து மாறுதிசை மின்சாரம் வரும் பக்கம் ஒன்று. பாட்டரிக்கு நேர்த்திசை மின்சாரம் போகும் பக்கம் மற்றொன்று. எங்கள் வண்டியில் 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் 16 வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன, ஆகவே 51.2 வோல்ட். முழுதும் ஏறும்போது ஒரு கலத்துக்கு 3.65 வீதம் 58.4 வோல்ட். பாட்டரி பக்கத்தில் அழுத்தம் மிகுவது வேறு நோய், சுவர்ப் பக்கத்தில் மிகுவது வேறு நோய். நம் பாடம் சுவர்ப் பக்கத்தைப் பற்றியது.

சுவரில் 240 வோல்ட் என்று நாம் சொல்வது சராசரியின் ஒரு வகை. ஒவ்வொரு அலையின் உச்சியும் அதைப்போல் 1.414 மடங்கு, அதாவது ஏறத்தாழ 339 வோல்ட். சார்ஜர் இதனைத் திருத்தி ஒரு மின்தேக்கியில் நிரப்புகிறது. அம்மின்தேக்கி பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் தாங்குவதாக இருக்கும். உள்ளே வரும் அழுத்தம் 283 வோல்ட்டைத் தாண்டினால் உச்சி 400ஐத் தாண்டிவிடும். வாசலிலேயே வாரிஸ்டர் என்னும் வட்ட வில்லை ஒன்று காவல் நிற்கிறது. பல சார்ஜர்களில் அது 275 வோல்ட்டுக்கு உரியது. இடி மின்னலின்போது கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகும் பாய்ச்சலை அது விழுங்கும். ஆனால் மணிக்கணக்கில் நிற்கும் மிகை அழுத்தத்தை அதனால் விழுங்க முடியாது, சூடேறிக் கருகிவிடும். எனவேதான் ஓர் எல்லையை மீறியதும் சார்ஜர் தானாகவே கதவைச் சாத்திக்கொள்கிறது. எங்களுடையது 266 வோல்ட்டில் சாத்தி, 258க்குக் கீழே வந்ததும் திறக்கிறது. இவ்வெண்கள் சார்ஜருக்குச் சார்ஜர் மாறும்.

ஆகவே சிவப்பு விளக்கு என்பது சார்ஜரின் நோயாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அது சார்ஜர் சொல்லும் சாட்சியாகவும் இருக்கலாம். சாட்சி சொல்கிறவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி 9,500 ரூபாய் தண்டம் கட்டினோம் என்பதுதான் எங்கள் கதை.

சாட்சி உண்மையா பொய்யா என்று எப்படி அறிவது? சார்ஜரைக் கழற்றிவிட்டு, அதே பிளக் பாயிண்டில் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். டெஸ்டர் ஸ்குரூ டிரைவர் இதற்கு உதவாது. 180 வோல்ட்டிலும் அது சிரிக்கும், 290 வோல்ட்டிலும் அதே சிரிப்புத்தான். ஒரே ஒரு முறை அளப்பதும் போதாது. கடைக்காரர் அனுப்பிய பையன் பகல் பதினொரு மணிக்கு வந்து அளந்தான், 246 வோல்ட். "லைன் சரியாக இருக்கிறது, பாக்ஸ்தான் போச்சு" என்றான். அவன் அளந்ததில் பொய்யில்லை. சார்ஜர் குறை சொன்ன நேரம் இரவு. அவன் அளந்த நேரம் பகல். காய்ச்சல் இரவில் வருகிறவனுக்குப் பகலில் தெர்மாமீட்டர் வைத்துப் பயன் என்ன?

நான் ஆய்வகத்திலிருந்து அனுமதி பெற்று ஒரு நல்ல மல்டிமீட்டர் எடுத்து வந்து, இரவு பத்து மணி முதல் ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். 250, 251, 250. திடீரென்று 293. இருபது நிமிடம் கழித்து மீண்டும் 250. பத்து நிமிடத்தில் மறுபடியும் 293. சார்ஜர் பொய் சொல்லவில்லை. 293 வோல்ட்டுக்கு உச்சி 414 வோல்ட். அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் அது எரிந்தே போயிருக்கும்.

இனி, மிகை அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பது கேள்வி. இங்கேதான் நான் முதலில் தவறினேன். நம் ஊர்களில் உள்ள மின்மாற்றி 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. 433ஐ 1.732ஆல் வகுத்தால் ஒரு பேஸுக்கு 250 வோல்ட். சுமை ஏற ஏறக் கம்பிகளில் இழப்பு ஏற்பட்டு வீட்டுக்கு 240 வந்து சேரும் என்பது கணக்கு. இரவில் பம்புசெட்டுகளும் பட்டறைகளும் நின்றதும் அந்த இழப்பு குறைந்து அழுத்தம் ஏறும்; மேலே 11,000மும் சற்றுக் கூடுதலாக இருந்தால் 260ஐத் தொடும். 240 வோல்ட்டில் 6 விழுக்காடு ஏற்ற இறக்கம், அதாவது சுமார் 226 முதல் 254 வரை, என்பது நெடுநாளைய விதி. அதை மீறினால் முறைப்படி எழுதிக் கொடுக்கலாம். டேப் வசதியுள்ள மின்மாற்றியாயின் டேப்பை மாற்றித் தருவார்கள். கூரைமேல் சூரியத் தகடுகள் நிறைந்த தெருவில் இதே ஏற்றம் இரவுக்குப் பதில் உச்சி வெயிலில் வரும். தகடுகள் லைனுக்குள் மின்சாரத்தைத் தள்ளுவதே காரணம். சிறு ஜெனரேட்டரில் சார்ஜ் செய்பவர்களுக்கு அதன் வேகம் கட்டுமீறினாலும் இதே நோய் வரும்.

இரவில்தானே ஏறுகிறது, எனவே மின்மாற்றிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எங்கள் மின்னியல் பேராசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் 250, 293, 250 என்ற எண்களை விரலால் தொட்டுக்காட்டி, "ஊரே ஒரே நேரத்தில் தூங்கி, இருபது நிமிடத்தில் எழுந்து, மறுபடியும் தூங்குமா?" என்று கேட்டார். மின்மாற்றியின் ஏற்றம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். படிக்கட்டுப் போலக் குதிப்பது வேறு ஏதோ ஒன்று. "பக்கத்துக் குடித்தனங்களிலும் அதே நேரத்தில் அளந்து பார்" என்றார்.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் முன்கட்டில் இருக்கிறார். பின்னால் ஐந்து குடித்தனங்கள். மூன்று பேஸ் இணைப்பு ஒன்று வந்து, சிவப்பு பேஸ் வீட்டுக்காரருக்கும் முதல் குடித்தனத்துக்கும், மஞ்சள் பேஸ் எங்களுக்கும் அடுத்தவருக்கும், நீல பேஸ் மற்ற இரண்டு குடித்தனங்களுக்கும் பிரிக்கப்பட்டிருக்கிறது. அன்றிரவு முதல் குடித்தனத்து அக்காவிடம் கேட்டு அவர்கள் பிளக் பாயிண்டில் அளந்தேன். எங்கள் வீட்டில் 293 காட்டிய அதே நேரத்தில் அங்கே 178. நீல பேஸ் வீட்டில் ஏறத்தாழ 290. அவர்கள் அந்த மாதம் நான்கு எல்.இ.டி. பல்புகள் வாங்கியதாகச் சொன்னார்கள். அப்போதுதான் முன்கட்டிலிருந்து வந்த 'டக், டக்' என்ற ஓசையைக் கவனித்தேன். அது வீட்டுக்காரர் ஏப்ரலில் வாங்கிய ஏ.சி.யின் ஸ்டெபிலைசர். அது 'டக்' என்றால் எங்கள் சார்ஜர் சிவப்பாகும். ஏ.சி. ஓய்ந்தால் சார்ஜர் பச்சையாகும். இத்தனை நாள் காதில் விழுந்துகொண்டே இருந்த சாட்சி அது.

இதன் இயற்பியலைக் காண்போம். மூன்று பேஸ்களும் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி நிற்கின்றன. மூன்றுக்கும் பொதுவான திரும்பும் வழி நியூட்ரல். நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரை ஒரு பேஸின் சுமை மற்றொன்றைப் பாதிக்காது. நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும்? எளிமைக்காக இரண்டு பேஸ்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 1,000 வாட் ஹீட்டர், தடை 57.6 ஓம், மற்றொன்றில் 250 வாட் சுமை, தடை 230.4 ஓம். நியூட்ரல் இல்லாதபோது இவை இரண்டும் தொடராகி, பேஸ்களுக்கு இடையிலான 415 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். பெரிய சுமைக்கு 83 வோல்ட், சிறிய சுமைக்கு 332 வோல்ட். அதிகமாக உழைப்பவனுக்குக் குறைவாகவும் சும்மா இருப்பவனுக்கு அதிகமாகவும் கிடைக்கும் விந்தையான பங்கீடு இது!

எங்கள் வீட்டில் நியூட்ரல் முழுதும் வழியற்றுப் போகவில்லை, வழி கரடுமுரடாகியிருந்தது. ஏ.சி. ஓடும்போது சிவப்பு பேஸில் 250லிருந்து 178, அதாவது 72 வோல்ட் குறைகிறது. அப்படியானால் நியூட்ரல் புள்ளியே சிவப்பு பேஸின் பக்கமாக 72 வோல்ட் நகர்ந்துவிட்டது. 120 பாகை தள்ளி நிற்கும் எங்கள் பேஸுக்கு இப்போது எவ்வளவு? 250இன் வர்க்கம் 62,500; 72இன் வர்க்கம் 5,184; இரண்டின் பெருக்கம் 18,000. மொத்தம் 85,684, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 293. மீட்டர் காட்டியதும் 293. காகிதத்தில் போட்ட கணக்கும் சுவரும் ஒரே எண்ணைச் சொன்ன அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. இரவு ஒன்றரை மணிக்கு அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவருக்கு வர்க்கமூலம் தெரியாது, ஆனால் "அப்போ நம்ம பெட்டி நல்ல பெட்டிதானா?" என்று சரியான கேள்வியைக் கேட்டார்.

இதுவே நோயறியும் முறையின் மையம் என்பேன். மூன்று பேஸ்களும் சேர்ந்து ஏறினால் குற்றம் மேலே, மின்மாற்றியிலோ லைனிலோ. ஒன்று ஏற மற்றொன்று இறங்கினால் குற்றம் நியூட்ரலில். எந்தப் பேஸும் ஏறாமல் சார்ஜர் மட்டும் கூச்சலிட்டால் அப்போதுதான் சார்ஜரைத் திறக்க வேண்டும்.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பிளக் பாயிண்டில் அளந்தபோது சுழியம் காட்டியது. நியூட்ரல் 72 வோல்ட் நகர்ந்திருந்தால் அங்கே 72 காட்ட வேண்டாமா? இதை நல்ல செய்தி என்று நினைத்துப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "மின்னோட்டம் ஓடும் நியூட்ரலில் எர்த்துக்கு ஓரிரு வோல்ட்டாவது இருக்கும். சுழியம் என்றால் வீட்டுக்குள்ளேயே யாரோ இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். நியூட்ரலோடு சேர்ந்து எர்த்தும் 72 வோல்ட் ஏறியிருக்கிறது. யாரையும் மோட்டாரைத் தொட விடாதே" என்றார். அம்மா ஒரு வாரமாக, தண்ணீர் மோட்டாரைத் தொட்டால் சுரீரென்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொடுகிற மோட்டார் அது. கல்லூரியிலிருந்து வீட்டுக்கு ஓடினேன்.

மெயின் போர்டை நான் திறக்கவில்லை. நண்பர்கள் எவரும் திறக்க வேண்டாம். உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை வீட்டுக்காரர் அழைத்து வந்தார். அவர் முதலில் பேஸ்களுக்கு இடையே அளந்தார். மூன்று இணையிலும் 433 வோல்ட், அணுவளவும் அசையவில்லை. மேலே குற்றமில்லை என்பதற்கு அதுவே சான்று. பின்பு சப்ளையை நிறுத்திவிட்டுப் போர்டைக் கழற்றினார். நியூட்ரல் லிங்க் கருகி, உள்ளே வரும் கம்பி திருகிலிருந்து முழுதும் விடுபட்டுக் கிடந்தது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் நியூட்ரலிலிருந்து எர்த் பைப்புக்கு ஒரு கம்பி போட்டிருந்தார். "இந்தக் கம்பியாலதான் தம்பி, நியூட்ரல் போனது யாருக்குமே தெரியல. இத்தனை நாளா உங்க வீட்டுக் கரண்டு மண்ணு வழியாத் திரும்பிப் போயிருக்கு" என்றார்.

மண் வழியாக! அதன்பின் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிற்று. எர்த் பைப்பைச் சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தவரை தடை குறைவு. நியூட்ரல் அதிகம் நகரவில்லை. கோடையில் மண் காய்ந்தது, தடை ஏறியது, ஏ.சி.யும் வந்து சேர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஏறக்குறைய 12 ஆம்பியர் ஓடி 72 வோல்ட் விழுந்தது என்றால் தடை 6 ஓம். அந்த வெப்பமும் மண்ணை மேலும் உலர்த்தியிருக்கும். புதிய சார்ஜர் பத்து நாள் ஒழுங்காக ஓடிய மர்மமும் தீர்ந்தது. நாங்கள் அதை வாங்கிய அன்று மாலைதான் கோடை மழை பிடித்தது. வேலை செய்தது புதிய பெட்டியன்று, மழை.

லிங்க்கை மாற்றி, முடிச்சை அவிழ்த்து, எர்த் குழியில் உப்பும் கரியும் புதிதாக இட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தினார்கள். அன்றிரவு ஏ.சி. ஓடியது, ஸ்டெபிலைசர் வாய் திறக்கவில்லை. எங்கள் பாயிண்டில் 248. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1.5 வோல்ட்.

மிச்சமிருந்தது பழைய சார்ஜர். அதனை ஆய்வகத்தில் டிம்மர்ஸ்டாட்டில் இணைத்து, பேராசிரியர் முன்னிலையில் மெல்ல மெல்ல ஏற்றினோம். 266இல் சிவப்பு, 258க்குக் கீழே பச்சை. குறையொன்றும் இல்லை. உண்மையிலேயே குறை இருந்திருந்தால் எங்கே இருந்திருக்கும் என்றும் பார்த்தோம். உள்வரும் அழுத்தத்தை அளப்பதற்குச் சார்ஜருக்குள் ஒரு மின்தடைச் சங்கிலி இருக்கிறது. எடுத்துக்காட்டாக, மேலே 330 கிலோ ஓம் வீதம் மூன்று, கீழே 10 கிலோ ஓம் ஒன்று என்று வைத்துக்கொண்டால், நூறில் ஒரு பங்கு அழுத்தம் உள்ளிருக்கும் சிறு மூளைக்குப் போகும். 339 வோல்ட் உச்சிக்கு 3.39 வோல்ட். கீழ்த் தடையின் பற்றவைப்பில் விரிசல் கண்டாலோ, ஈரமும் தூசியும் படிந்து மேல் தடைகளுக்கு இடையே கசிவு ஏற்பட்டாலோ, நல்ல லைனிலும் அது "அதிகம், அதிகம்" என்று பொய் சொல்லும். கீழ்த் தடை 11.5 கிலோ ஓமாக மாறினாலே 3.39 என்பது 3.9 ஆகிவிடும், 275 வோல்ட் வந்ததாக அது எண்ணிக்கொள்ளும். இதற்கு நேர்மாறானது இன்னும் கொடியது. மேல் தடைகள் பழசாகி மதிப்பு ஏறினால், உண்மையிலேயே 290 வந்தாலும் சார்ஜர் வாய் திறக்காது. சில பட்டறைகளில் தொந்தரவு கொடுக்கும் சிவப்பு விளக்கை அடக்குவதற்கென்றே இந்தத் தடையை மாற்றிக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அது காவல்காரனின் கண்ணைக் கட்டும் வேலை.

கடையில் பழைய சார்ஜரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா அதை வண்டியின் பின் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மதியம் மார்க்கெட்டில் தெரிந்த கடை ஒன்றில் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் சொருகுகிறார். அதனால் மாலையில் கூடுதலாக இரண்டு சவாரி கிடைக்கிறது. தோட்டுக்கான வட்டியை அந்தப் பணத்தில் கட்டி வருகிறோம்.